மொழி தெரியாதவருக்கு ரம்மி கற்றுக்கொடுப்பது எப்படி? முழு வழிகாட்டி

திருப்பூர் பனியன் கம்பெனி விடுதி, சென்னையில் கட்டடம் எழும்பும் இடத்துத் தகரக் கொட்டகை, கல்லூரி ஹாஸ்டல் என எங்கே சீட்டுக்கட்டைப் பிரித்தாலும், ஒரு பீகார்காரரோ வங்காளியோ ஒடியாக்காரரோ பக்கத்தில் வந்து உட்கார்வது இப்போது சாதாரணம். அவருக்குத் தமிழ் "சாப்டாச்சா" அளவில் இருக்கும். நமக்கு இந்தி அதைவிடக் குறைவு. இந்த நிலையில், கையிலுள்ள சீட்டுகளை வரிசையாகவும் ஒரே எண் கொண்ட செட்டாகவும் சேர்த்து முடிக்கும் 13 சீட்டு ரம்மியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சொல்லிக்கொடுக்க முடியாது, காட்டிக்கொடுக்கலாம். ரம்மியின் விதிகளில் முக்கால்வாசியைச் சீட்டுகளே காட்டிவிடும். மொழி தெரியாதது அவ்வளவு பெரிய தடையும் அல்ல. எதிரில் இருப்பவர் பெரும்பாலும் வேறொரு சீட்டாட்டத்தில் கைதேர்ந்தவராக இருப்பார், அந்த ஆட்டத்தின் பழக்கம்தான் ரம்மிக்குள் வந்து குழப்பும். அதை முதலில் கண்டுபிடித்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது.

ஆட்களும் இடமும்

மூன்று பேர் வேண்டும்: கற்றுக்கொடுப்பவர், கற்பவர், ஆட்டம் தெரிந்த இன்னொருவர். இரண்டே பேர் என்றால் நீங்கள் ஆடவும் வேண்டும், காட்டவும் வேண்டும், எது ஆட்டம் எது விளக்கம் என்று அவருக்குப் பிரித்துத் தெரியாது. நான்கு பேர் இருந்தாலும் நல்லதுதான். ஐந்தாறு பேர் சேர்ந்தால் அவர் முறை வருவதற்குள் போன சுற்றில் பார்த்ததை மறந்துவிடுவார்.

கற்பவருக்கு எதிரே உட்காராதீர்கள். எதிரே இருந்து வரிசையாகச் சீட்டு வைத்தால் அவருக்கு அது தலைகீழாகவும் வலமிருந்து இடமாகவும் தெரியும். பக்கத்தில், தோளோடு தோளாக உட்காருங்கள். பாய் ஒரே நிறத்தில் இருக்கட்டும், பூப்போட்ட விரிப்பில் ஆட்டினும் (இதயக் குறி) டைமனும் கண்ணுக்குப் பிடிபடாது.

இரண்டு கட்டு வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோக்கர், மொத்தம் 106 சீட்டு. டப்பாவில் கூடுதலாக இருக்கும் ஜோக்கர், விளம்பரச் சீட்டு, விதிமுறை அச்சடித்த வெள்ளைச் சீட்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். தெரிந்தவர்கள் அவற்றைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார்கள். புதியவர் கையில் சேர்த்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தவிப்பார். இரண்டு கட்டின் முதுகு நிறமும் வேறாக இருந்தால் கவலையில்லை, ஆட்டம் முடிந்ததும் பிரிப்பது சுலபம்.

காசு வேண்டாம். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968இல் சொன்னது உண்மைதான். ஆனால் பிரச்சினை அதுவல்ல. விதி புரியாமல் ஒருவர் 20 ரூபாய் இழந்தால் அவருக்கு அது ஏமாற்றப்பட்டதாகத்தான் படும், அதை விளக்கிச் சரிசெய்ய உங்களிடம் பொதுமொழியும் இல்லை.

முதலில் பரீட்சை: அவருக்கு எந்த ஆட்டம் தெரியும்?

ஒரு கட்டில் இருந்து இஸ்பேட் 13 சீட்டுகளையும் எடுத்து, 2 முதல் ராஜா வரை நீங்களே வரிசையாக வையுங்கள். ஆஸை முதலில் 2க்கு முன்னால் வையுங்கள். பிறகு அதையே எடுத்து ராஜாவுக்குப் பின்னால் வையுங்கள். இரண்டு இடத்தையும் விரலால் தட்டிக் காட்டுங்கள்: ஆஸ் இங்கேயும் இருக்கலாம், அங்கேயும் இருக்கலாம்.

அடுத்து ஆட்டின் சீட்டுகள் 13ஐயும் கலைத்து அவர் கையில் கொடுத்து, அடுக்கச் சொல்லி சைகை காட்டுங்கள். இங்கேதான் அவருடைய பழைய ஆட்டம் வெளியே வரும். வங்காளத்தில் பரவலான டுவென்டி நைன் ஆட்டத்தில் ஜாக்கிதான் உச்சம், அடுத்தது 9, பிறகு ஆஸ், 10, ராஜா, ராணி, 8, 7. அதில் ஊறியவர் 2 முதல் 6 வரை என்ன செய்வது என்று திகைப்பார், ஏனென்றால் அந்தச் சீட்டுகள் அவருடைய ஆட்டத்தில் விளையாடப்படுவதே இல்லை. ஜாக்கியை உச்சியில் வைத்தால் திட்டவோ சிரிக்கவோ வேண்டாம். நீங்கள் அடுக்கிய இஸ்பேட் வரிசையின் கீழேயே ஒன்றுக்கு ஒன்று நேராக வைத்துக் காட்டுங்கள், போதும். நம்மூரில் இருபத்தெட்டோ முந்நூற்றுநான்கோ ஆடுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் உடனே புரியும், அங்கேயும் ஜாக்கிதான் பெரியது.

ஆட்டப் பெயர்களைச் சொல்லியும் கேட்கலாம். "தீன் பத்தி?", "டுவென்டி நைன்?", "கால் பிரேக்?", "பாபி?" என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் தெரிந்த பெயருக்கு முகம் மலரும். பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவர் எங்கே தடுக்கி விழுவார் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

தீன் பத்தி ஆடியவர் இரண்டு இடத்தில் தவறுவார். அதில் எந்த ஜாதியாக (இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்ற நான்கு பிரிவு) இருந்தாலும் அடுத்தடுத்த மூன்று எண் வந்தால் அது ஒரு சீக்வென்ஸ். ரம்மியில் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும். அதில் 'கலர்' என்று ஒன்று உண்டு: ஒரே ஜாதியில் எந்த மூன்று சீட்டும் செல்லும். அதனால் அவர் ஆட்டின் 3, 8, ஜாக்கி மூன்றையும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூன்று ராஜா, மூன்று 8 மாதிரியான 'டிரெயில்' மட்டும் ரம்மி செட்டுக்குப் பொருந்திவரும், அதிலும் ஒரு சிக்கல் உண்டு, கீழே வரும்.

கால் பிரேக் ஆடியவருக்கு இஸ்பேட் எப்போதும் துருப்பு. ரம்மியிலும் இஸ்பேடுக்கு ஏதோ தனி மதிப்பு இருப்பதாக நினைத்து அதைக் கீழே போடத் தயங்குவார். டுவென்டி நைன் ஆடியவருக்குச் சுற்று இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா என்பதே மாறும், அது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போகும் ஆட்டம். ஆகவே முறை எந்தப் பக்கம் போகிறது என்பதை ஒரு சோடா மூடியை வைத்துக் காட்டுங்கள். யார் முறையோ அவர் முன்னால் மூடி இருக்கும், ஆடி முடித்ததும் அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். இந்த ஒரு மூடி, "உங்க கை, உங்க கை" என்று அன்று முழுக்கக் கத்துவதை மிச்சப்படுத்தும்.

வேண்டிய சொற்கள், அதற்கு மேல் வேண்டாம்

ஜாதிப் பெயரும் படச்சீட்டின் பெயரும் அவருடைய மொழியில் உங்களுக்குத் தெரிந்தால் அவர் இறுக்கம் தளர்ந்துவிடும். இந்தியில் இஸ்பேட் 'ஹுக்கும்', ஆட்டின் 'பான்', டைமன் 'ஈன்ட்', கிளாவர் 'சிடி'. ஆஸ் 'இக்கா', ராஜா 'பாத்ஷா', ராணி 'பேகம்', ஜாக்கி 'குலாம்'. வங்காளத்தில் இதே வரிசையில் 'இஷ்காபோன்', 'ஹொர்தோன்', 'ருயிதோன்', 'சிரிதோன்'. ஆஸ் 'தெக்கா', ராஜா 'சாஹேப்', ராணி 'பிபி', ஜாக்கி 'கோலாம்'. இந்திக்காரரைப் 'பையா' என்றும், வங்காளியைத் 'தாதா' என்றும் அழையுங்கள். பதிலுக்கு அவர் உங்களை 'அண்ணா' என்பார்.

இதற்குமேல் மூன்று குறிகள் போதும். சரி என்றால் கட்டைவிரல். தப்பு என்றால் அந்தச் சீட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைப்பது. காத்திரு என்றால் கையைத் தூக்கிக் காட்டுவது. தலையாட்டலை நம்பாதீர்கள். புரிந்தாலும் ஆட்டுவார்கள், மரியாதைக்கும் ஆட்டுவார்கள். அவர் கையில் இருக்கும் சீட்டை நீங்களாக உருவி எடுக்காதீர்கள், எந்த மொழியிலும் அது அவமானம்தான்.

போனில் மொழிபெயர்ப்புச் செயலியை ஒரே ஒரு விஷயத்துக்கு வைத்துக்கொள்ளலாம்: "காசு கிடையாது, சும்மா ஆடுகிறோம்" என்று சொல்ல. செட், லைஃப், ஸ்கூட், ஷோ போன்ற ரம்மிச் சொற்களை அதில் பேசினால் எதையாவது உளறி இருவரையும் திசைதிருப்பும்.

சரியும் தப்பும்: ஒரு சீட்டை மட்டும் மாற்றுங்கள்

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும், மொத்தப் பாடமும் இதில்தான் நிற்கிறது. எல்லாச் சீட்டும் திறந்தே இருக்கட்டும். ஒரு சரியான கூட்டை (ஒன்றாகச் சேரும் சீட்டுகளை) வைத்துக் கட்டைவிரல் காட்டுங்கள். பிறகு அதில் ஒரே ஒரு சீட்டை மட்டும் மாற்றி, அதன்மேல் உள்ளங்கையை வையுங்கள். முழுதாகக் கலைத்துப் புதிதாக ஒரு தப்பான கூட்டைக் காட்டினால், எது தப்பு என்று அவர் ஊகிக்க வேண்டியிருக்கும். ஒரு சீட்டு மட்டும் மாறினால் காரணம் கண்ணுக்கே தெரியும்.

ஆட்டின் 5, 6, 7 வையுங்கள்: சரி. ஆட்டின் 7ஐ எடுத்து இஸ்பேட் 7 வையுங்கள்: தப்பு. தீன் பத்தி ஆடியவருக்கு இதை மூன்று நான்கு தடவை வேறு வேறு எண்ணில் காட்டுங்கள். அடுத்து ஆட்டின் 5, 6, 9: தப்பு. இது 'கலர்' நினைப்பை உடைக்க.

ஆட்டினில் ராணி, ராஜா, ஆஸ் வையுங்கள்: சரி. ராணியை எடுத்து அந்தக் கடைசியில் 2 வையுங்கள், ராஜா, ஆஸ், 2 என்று ஆகும்: தப்பு. ராஜாவை எடுத்து 3 சேர்த்தால் ஆஸ், 2, 3: மறுபடி சரி. ஆஸ் இரண்டு முனையிலும் நிற்கும், நடுவில் பாலமாக நிற்காது.

இனி செட். இஸ்பேட் 8, ஆட்டின் 8, டைமன் 8: சரி. டைமன் 8ஐ எடுத்துவிட்டு இரண்டாவது கட்டிலிருந்து இன்னொரு இஸ்பேட் 8 வையுங்கள்: தப்பு. மேலே சொன்ன சிக்கல் இதுதான். ஒரே கட்டில் ஆடிப் பழகியவருக்கு ஒரே சீட்டு இரண்டு தடவை வரும் என்பதே தோன்றாது. அந்த இரண்டு இஸ்பேட் 8ஐயும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் காட்டுங்கள்.

இப்போது நீங்கள் பேசாமல் பத்துக் கூட்டுகளை ஒவ்வொன்றாக வையுங்கள், தீர்ப்பு அவர் சொல்லட்டும். சரிக்கும் தப்புக்கும் மாறிமாறி வைக்காமல், இரண்டு மூன்று தப்பைத் தொடர்ந்து வையுங்கள். மாறிமாறி வைத்தால் சீட்டைப் பார்க்காமலே ஊகித்துவிடுவார். பத்தில் குறைந்தது எட்டு சரியாக வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

ஏழு சீட்டில் திறந்த ஆட்டம்

நேரடியாக 13 சீட்டுக்குப் போகாதீர்கள். விரல்களுக்கிடையே 13 சீட்டைப் பிடிப்பதே புதியவருக்குப் பெரிய வேலை. ஒரு கட்டு, ஜோக்கர் இல்லை, ஆளுக்கு ஏழு. மூன்று பேருக்கு 21 போக, ஒன்றைத் திறந்து வைத்தால் கட்டில் 30 மிஞ்சும். மூன்றும் நான்கும் சேர்ந்தால் முடிந்தது, அதில் ஒன்றாவது வரிசையாக இருக்க வேண்டும். எல்லோருடைய சீட்டும் தரையில் திறந்தே கிடக்கட்டும்.

தெரிந்த இருவரும் முதலில் ஆடுங்கள், அவர் பார்க்கட்டும். எடு, போடு. எடு, போடு. அந்தத் தாளம் கண்ணில் படிய வேண்டும். எடுக்கும்போது கட்டிலிருந்தா, கீழே கிடக்கும் மேல்சீட்டா என்று இரண்டையும் விரலால் தொட்டுவிட்டு ஒன்றை எடுங்கள். வேண்டுமென்றே கீழே கிடக்கும் குவியலின் நடுவிலிருந்து ஒன்றை எடுக்கப் போய், நண்பர் உங்கள் கையைத் தடுக்கட்டும். அது விதி என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் வழக்கமாக வரும் பிழை, எடுத்துவிட்டுப் போட மறப்பது. கையில் எட்டுச் சீட்டு ஆகிவிடும். அடுத்து வருவது, ஒரே முறையில் கட்டிலிலிருந்து ஒன்றும் கீழிருந்து ஒன்றும் எடுப்பது. இரண்டுக்கும் சோடா மூடியே மருந்து: கையில் ஏழு இருந்தால்தான் மூடியைத் தள்ளலாம். எண்ணிக் காட்டுங்கள், எண்ணிக்கை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இரண்டு திறந்த ஆட்டம் முடிந்ததும் கையில் பிடித்து மூடி ஆடுங்கள். இப்போது அவர் தப்பாகக் கீழே இறக்கினால் தண்டம் கிடையாது. உள்ளங்கையைத் தப்பான கூட்டின்மேல் மட்டும் வைத்து, சீட்டை அவரிடமே தள்ளிவிடுங்கள், ஆட்டம் தொடரட்டும்.

சீட்டே தொட்டதில்லை என்பவருக்கு இதற்கும் முன்னால் இரண்டு சுற்று கழுதை ஆடுங்கள். 52 சீட்டையும் பிரித்துப்போட்டு, இஸ்பேட் ஆஸ் வைத்திருப்பவர் தொடங்குவார். அதே ஜாதி போட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஜாதியில் வெட்டலாம், வெட்டு விழுந்தால், முதலில் இறங்கிய ஜாதியில் பெரிய சீட்டு போட்டவர் எல்லாவற்றையும் அள்ள வேண்டும். கையைக் காலி செய்தவர் தப்பித்தார், கடைசியில் மிஞ்சியவர் கழுதை. எண்ணிக்கை, புள்ளி எதுவும் இல்லாமல் ஜாதியும் மதிப்பும் பழகிவிடும். பாபி தெரிந்தவருக்கு இது ஏறக்குறைய அதே ஆட்டம், முதல் சுற்றில் வெட்டு உண்டா இல்லையா என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

ஜோக்கரும் ஒரிஜினலும்

இரண்டு கட்டையும் சேர்த்து, ஆளுக்கு 13. ஒரு சீட்டை உருவித் திறந்து, மீதிக் கட்டின் அடியில் குறுக்காக வைக்கிறோம். அந்த எண்ணில் வரும் எல்லாச் சீட்டும் ஜோக்கர். இதைப் புரியவைக்க ஒரே வழி, பிரித்துப்போடுவதற்கு முன்பே, உதாரணத்துக்கு 6 என்றால் எட்டு 6களையும் தேடி எடுத்து வரிசையாக வைப்பது. ஒன்றைக் கட்டின் அடியில் செருகி, மீதி ஏழையும் அச்சடித்த இரண்டு ஜோக்கருக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒன்பதும் ஒரே குடும்பம். பல ஊரில் புதியவர்கள் அடியில் தெரியும் ஜாதியின் 6 மட்டும்தான் ஜோக்கர் என்று நினைத்து, மற்றதைக் கீழே போட்டுவிடுவார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு வயிறெரியும்.

ஜோக்கரின் வேலையைக் காட்ட டைமன் 9, 10, ஜாக்கி வைத்து, 10ஐ எடுத்து அந்த இடத்தில் ஜோக்கர் வையுங்கள்: சரி. அப்படியே ஒரு செட்டிலும்.

இனி ரம்மியிலேயே கடினமான விதி. குறைந்தது இரண்டு வரிசை வேண்டும், அதில் ஒன்றாவது ஜோக்கர் சேராததாக இருக்க வேண்டும். ஒரிஜினல் என்பார்கள், லைஃப் என்றும் சொல்வதுண்டு. வாயால் விளக்கினாலே தமிழருக்கும் இரண்டு நாள் ஆகும் விஷயம் இது. 13 சீட்டு முழுக் கையாக வைத்துக் காட்டுங்கள்:

இஸ்பேட் 4, 5, 6, 7 ஆகிய நான்கும் ஒரிஜினல். ஆனால் அன்றைய ஜோக்கர் 6ஆக இருந்தால் இதை வைத்துக் காட்டாதீர்கள், தலை சுற்றும். ராஜா ஜோக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது டைமன் 9, ஜோக்கர், டைமன் ஜாக்கி. பிறகு மூன்று ஜாதியில் மூன்று ராணி. மூன்று ஜாதியில் மூன்று 2. மொத்தம் 13: சரி.

இப்போது டைமன் வரிசையை மட்டும் எடுத்துவிட்டு மூன்று 10 வையுங்கள். ஒரிஜினல் இருக்கிறது, செட் மூன்றும் குறையில்லை, ஆனாலும் தப்பு. விரலால் ஒரிஜினலைத் தொட்டு "ஒன்று" காட்டி, இரண்டாவது வரிசைக்கான காலி இடத்தைத் தரையில் தட்டிக் காட்டுங்கள். திரும்ப டைமன் வரிசையை வைத்து, இம்முறை இஸ்பேட் 5ஐ எடுத்து அங்கே ஜோக்கர் போடுங்கள். இரண்டு வரிசை உண்டு, ஒரிஜினல் இல்லை: தப்பு.

ஒரு பழக்கத்தை எல்லோரும் சேர்ந்து கடைப்பிடித்தால் இந்த விதி தானாகவே ஒட்டிக்கொள்ளும். இறக்கும்போது ஒரிஜினலை முதலில், தனியே குறுக்காக வையுங்கள். கையிலும் அதை இடது ஓரத்தில் பிடியுங்கள். குறுக்கே ஒன்று இல்லாமல் இறக்கவே முடியாது என்று அவர் கை பழகிவிடும். ஜோக்கர் எண்ணே தன் சொந்த இடத்தில் இயல்பாக நின்றால் அதுவும் ஒரிஜினல்தான், ஆனால் அது ஆட்டத்தில் வரும்போது காட்டினால் போதும்.

புரிந்ததா என்று கேட்காமல் கண்டுபிடிப்பது

நீங்களே ஒரு தப்பான கையை இறக்குங்கள், முகத்தில் ஒன்றும் காட்டாமல். அவர் உள்ளங்கையை எடுத்து அதன்மேல் வைத்தால் ஆட்டம் பிடிபட்டுவிட்டது. வைக்காவிட்டால் எந்தத் தப்பைப் பார்க்கவில்லையோ அந்தப் படிக்கு மட்டும் திரும்புங்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

ஆட்டம் நடக்கும்போது தமிழ் தெரிந்த இருவரும் சீட்டைப் பற்றித் தமிழில் பேசிக்கொள்ளக் கூடாது. "அந்த 9ஐப் போடாதடா" என்று விளையாட்டாகச் சொன்னாலும், மூன்றாமவருக்குக் கூட்டுச்சதியாகத்தான் தெரியும். புரியவில்லை என்பதற்காகக் குரலை உயர்த்துவதும் பயனில்லை.

புள்ளியும் ஸ்கூட்டும் கடைசியில்

மூன்று நான்கு ஆட்டம் ஓடிய பிறகு தாளும் பேனாவும் எடுங்கள். ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஒவ்வொன்றும் 10, எண்சீட்டுக்கு அதன் எண், ஜோக்கருக்கு 0. ஒருவர் கையை முடித்து ஷோ காட்டியதும் தோற்றவர் கையைத் தரையில் பிரித்து, சேர்ந்த கூட்டை ஒதுக்கி, மீதியை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கூட்டுங்கள், கூடக்கூடத் தாளில் எழுதுங்கள். ஒரிஜினல் இல்லாதவருக்கு எல்லாச் சீட்டையும் கூட்ட வேண்டும், உச்சம் 80. இந்த அடி ஒரு தடவை அவர் மேல் விழுந்தாலே ஒரிஜினலின் முக்கியம் தெரிந்துவிடும். முடிந்தால் முதல் 80ஐ நீங்களே வாங்குங்கள்.

தப்பான ஷோவுக்கும் 80. தொடக்கத்திலேயே ஸ்கூட் அடித்தால், அதாவது அந்த ஆட்டத்திலிருந்து விலகினால், 20, நடுவில் 40. ஸ்கூட்டைக் காட்ட, கையில் மோசமான சீட்டு வந்த ஒரு சுற்றில் உங்கள் 13ஐயும் திறந்து வைத்து, ஒன்றும் சேரவில்லை என்று காட்டிவிட்டு, கவிழ்த்துத் தள்ளி, தாளில் 20 எழுதுங்கள். அந்தச் சுற்றிலேயே நண்பர் ஸ்கூட் அடிக்காமல் ஆடித் தோற்று அறுபதோ எழுபதோ வாங்கினால் இன்னும் நல்லது, இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 101 தொட்டவர் வெளியே என்று ஆடுவதானால் அந்த எண்ணைத் தாளின் அடியில் பெரிதாக எழுதி வட்டமிட்டு வையுங்கள்.

கீழே போட்ட ஜோக்கரை எடுக்கலாமா, அச்சடித்த ஜோக்கரே அடியில் வந்தால் எதை ஜோக்கராகக் கொள்வது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் முதல் முறை தவிர ஜோக்கரைக் கீழிருந்து எடுக்க விடுவதில்லை. அச்சடித்த ஜோக்கர் வந்தால் ஆஸை ஜோக்கராக வைத்துக்கொள்வார்கள். உங்கள் இடத்து வழக்கம் எதுவோ அதை ஆட்டம் தொடங்கும் முன் சீட்டை வைத்துக் காட்டிவிடுங்கள்.